ஆல்டோ சொன்ன ‘சரி’

கார்மெல் ஸனெல்லா ஜன்னல் கழுவிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்து ஜன்னல்களில் கண்ணாடி பட்டை பட்டையாகச் சாய்ந்து நிற்கும். ஒவ்வொரு பட்டையாக உருவி, சோப்புத் தண்ணீரில் முக்கி, துடைத்து, விரலை வெட்டிக்கொள்ளாமல் திரும்பச் செருக வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் முணுமுணுத்துக்கொண்டே செய்கிற வேலை அது. அப்போது செப்டம்பர்தான். ஆலையில் கரும்பு அரவை நடந்துகொண்டிருந்தது. ஆனால் கார்மெல் போன வாரம் கழுவிய ஜன்னலை மறுபடி கழுவினாள்.

வேலிக்கு இந்தப் பக்கம் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

“க்ளெனிஸ், உன் வீட்டு ஜன்னலையும் கழட்டித் தரியா? ஒரு மணி நேரத்துல முடிச்சுடுவேன்.”

“என் ஜன்னல் அழுக்கா இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும். ஏன், உனக்கு வேற வேலையே இல்லையா?”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கார்மெல் சிரித்தாள்.

“இல்லைன்னுதானே கழுவுறேன்.”

அவளுடைய வீடு கட்டும் லைசென்ஸைக் கட்டட வாரியம் ரத்து செய்து ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது. தீர்ப்பாயத்தில் அதை எதிர்த்து அவள் மனுப் போட்டிருந்தாள். விசாரணை அந்த வியாழக்கிழமை, பக்கத்துப் பெரிய ஊரான டவுன்ஸ்வில்லில். அதுவரை அவள் எந்த வீட்டு வேலையையும் ஒப்புக்கொள்ளக் கூடாது, மேற்பார்வை பார்க்கக் கூடாது. பாதியில் நின்ற இரண்டு வீடுகளை வேறொருவர் வாங்கிக்கொண்டார். வண்டிக் கதவில் பெயருக்குக் கீழே எழுதியிருந்த லைசென்ஸ் எண்ணை நீல நிற ஒட்டு நாடாவால் மூடியிருந்தாள். வெயிலில் நாடா சுருண்டு உரிந்து வரும். காலையில் எழுந்ததும் முதல் காரியமாக அதை விரலால் தேய்த்துத் தேய்த்து ஒட்டுவாள். வண்டியை எடுக்காத நாளிலும் ஒட்டுவாள்.

எங்கள் ஊர் இங்காமில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. அப்பா சில்வியோ கரும்புக்காரர். பையனுக்கு நிலம், பெண்ணுக்குக் கல்யாணம் என்று அவர் போட்டுவைத்த கணக்கு இரண்டு பக்கமும் தவறிப்போயிற்று. பையன் ஆல்டோவுக்குக் கரும்பு என்றால் தும்மல் வரும். பெண் பதினாறு வயதில் செஸ் தர்லோ என்ற தச்சரிடம் போய், தரைப்பலகை அடிக்க ஆள் வேண்டுமா என்று கேட்டாள். அவர் விளையாட்டாக ஒரு சுத்தியலைக் கொடுத்தார். சாயங்காலம் திருப்பிக் கேட்டபோது, நாளைக்கும் வேண்டும் என்று அதைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாளாம். வேலையிடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது என்பதால், பல வருஷம் காலை டீயைக்கூடக் குடிக்காமல் வேலைக்குப் போனவள். லைசென்ஸ் கிடைத்த நாளில் அவள் அம்மா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, ஞானஸ்நானப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். கல்யாணப் படம் மாட்ட ஒதுக்கியிருந்த ஆணி அது.

ஆல்டோ அப்புறம்தான் அவளோடு வந்து சேர்ந்தான். அவனுக்கு லைசென்ஸ் கிடையாது. பரீட்சைக்கு இரண்டு தடவை பெயர் கொடுத்து, இரண்டு தடவையும் அன்று பார்த்து மீன் பிடிக்கப் போய்விட்டான். ஆனால் கையில் வேலை உண்டு, வாயில் சிரிப்பு உண்டு. வீட்டுக்காரர்களுக்கு அவனைத்தான் பிடிக்கும். கார்மெல் வந்தால் எதையாவது கழற்றிப் பார்ப்பாள். ஆல்டோ வந்தால் காபி குடிப்பான். எங்கள் பழைய வீடு புயலில் போன பிறகு இந்த வீட்டைக் கட்டியதும் அவர்கள்தான். அப்போது கார்மெலின் அம்மா டவுன்ஸ்வில் ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் கிடந்தாள். கார்மெல் அங்கேயும் இங்கேயுமாக ஓடிக்கொண்டிருந்தாள். பாதி வீட்டுக்கு மேல் ஆல்டோதான் பார்த்துக்கொண்டான். இன்றுவரை நான் ஒரு குறையும் சொன்னதில்லை.

லைசென்ஸைப் பறித்த நட்டு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஊரில் வீடு இடிந்து விழும் என்று யாரும் பயப்படுவதில்லை. பறந்து போய்விடும் என்றுதான் பயம். அதனால் கூரையைத் தரையோடு சேர்த்துக் கட்டிப்போடுவார்கள். சுவரின் மரச்சட்டத்துக்குள்ளே, அடிக் கான்கிரீட்டிலிருந்து உச்சிக் கட்டை வரை, நீள நீளமான இரும்புக் கம்பிகள் ஓடும். மேல் முனையில் ஒரு நட்டு. புது மரம் காயக் காயச் சுருங்கும், கூரைத் தகரத்தின் பாரம் ஏறினால் இன்னும் கொஞ்சம் அமுங்கும், முதலில் முடுக்கிய நட்டு தளர்ந்துபோகும். எனவே தகரம் போட்டுச் சில வாரம் விட்டு, உள்பக்கச் சுவர்ப் பலகைகளை அடிப்பதற்கு முன்னால், ஏணியைப் போட்டு ஏறி ஒவ்வொரு நட்டையும் மறுபடி முடுக்க வேண்டும். முடுக்காமல் பலகையை அடித்துவிட்டால் வெளியில் ஒன்றும் தெரியாது. பெயிண்ட் அழகாக இருக்கும். காற்று வரும்வரை.

பெர்னிஸ் ஹிஸ்காக் என்ற ஓய்வு பெற்ற தபால்காரிக்குக் கார்மெலும் ஆல்டோவும் கட்டிய வீட்டில் நடந்தது அதுதான். எங்கள் பக்கம் பலகை அடிக்கிற கோஷ்டி ஒன்றே ஒன்று. அவர்கள் சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்து நின்றார்கள். இப்போது விட்டால் மழைக்காலம் முடிந்துதான் வருவோம் என்றார்கள். கார்மெல் அப்போது ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, கார்ட்வெல்லில் வேறொரு கூரை மேல் இருந்தாள். ஆல்டோவுக்குப் போன் போட்டாள்.

“கம்பியெல்லாம்?”

“அதெல்லாம் சரி, பாஸ்.”

அவள் போனை வைத்தாள். பலகை அடித்தார்கள். முடுக்கியாயிற்று என்று படிவத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். அடுத்த ஜனவரியில் ஒரு காற்று அடித்தது. பெயர் வைக்கிற அளவுக்குக்கூடப் பெரிய புயல் இல்லை. பெர்னிஸ் வீட்டுக் கூரையின் ஒரு மூலை எழுந்து எழுந்து உட்கார்ந்தது. உள்ளே இருந்த பெர்னிஸுக்கு யாரோ தலைக்கு மேலே பெட்டியைத் திறந்து திறந்து மூடுவது போல் கேட்டதாம். வாரியத்திலிருந்து வந்த ஆய்வாளர் பலகையை அறுத்தெடுத்துவிட்டு, ஸ்பேனரைப் பையிலிருந்து எடுக்காமலே, நட்டை இரண்டு விரலால் சுற்றிக் காட்டினார்.

கார்மெல் அங்கேதான் நின்றிருந்தாள். அதற்குப் பிறகு அவள் ஒரு இடத்தில் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

‘சரி’ என்று நாங்கள் எதற்கும் சொல்வோம். பாலத்தின் மேல் வெள்ளம் போகிறதே, வண்டி தாண்டுமா என்று கேட்டால், அதெல்லாம் சரி. முதுகில் பெரிதாகிக்கொண்டே வருகிற மச்சத்தை டாக்டரிடம் காட்டினாயா என்றால், அதெல்லாம் சரி. செய்துவிட்டேன் என்றும் அர்த்தம், செய்யவில்லை, செய்யப் போவதும் இல்லை, நீ கவலைப்படாதே என்றும் அர்த்தம். எது என்பது சொல்கிற ஆளைப் பொறுத்தது. கேட்கிற ஆளையும் பொறுத்தது.

புதன்கிழமை சாயங்காலம் ஆல்டோ வந்தான். நான் கார்மெலின் சமையலறையில் இருந்தேன். மறுநாள் அவர்களை டவுன்ஸ்வில்லுக்கு நான் ஓட்டிப்போவதாக ஏற்பாடு. கார்மெலை ஓட்ட விட்டால் வழியில் ஒவ்வொரு புது வீட்டு வாசலிலும் நிறுத்துவாள்.

ஆல்டோ அலமாரியைத் திறந்து, ஊறுகாய்க் கத்தரிக்காய்ப் புட்டியை எடுத்து, முள்கரண்டியால் நின்றபடியே தின்ன ஆரம்பித்தான்.

“நாளைக்குச் சாட்சியா என்ன சொல்லப் போறேன்னு கேக்க மாட்டியா?”

“நடந்ததைச் சொல்லு.”

“நடந்ததைச் சொன்னா உனக்கு லைசென்ஸ் போச்சு. நான் யோசிச்சுட்டேன். ‘முடுக்கியாச்சு’ன்னு நான் உன்கிட்ட சொன்னேன். பொய் சொன்னேன். நீ நம்பின. முடிஞ்சுது. தம்பி சொன்னதை அக்கா நம்பறது ஒரு குத்தமா?”

“நீ அப்படிச் சொல்லலை.”

“சொன்னேன்னு சொல்றேன்.”

“டேய், சத்தியம் வாங்கிட்டுத்தான் பேச விடுவாங்க.”

“அதனால? லைசென்ஸ் உன்னுது. எனக்கு என்ன இருக்கு போறதுக்கு? படகும் நாயும். நாயும் பக்கத்து வீட்டுல சோறு தின்னுது.”

“ஊர்ல வேற யாருடா உன்னை வேலைக்கு வச்சுப்பாங்க அப்புறம்?”

“நீ வச்சுப்ப. உனக்குத்தான் லைசென்ஸ் இருக்குமே.” அவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். “என்ன க்ளெனிஸ், பேசவே மாட்டேங்கற? நல்ல திட்டமா, இல்லையா?”

நான் காபிப் பாத்திரத்தைக் கழுவப் போனேன். திட்டத்தில் ஓட்டை ஒன்றும் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கார்மெல் மாட்டேன் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. திருப்புளியை எடுத்து அலமாரிக் கதவின் கீலை முடுக்கினாள். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை ஊர் எல்லை தாண்டும் முன்பே கரும்பு ரயில் குறுக்கே வந்துவிட்டது. அரவைக் காலத்தில் அது வந்தால் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். குட்டிக் குட்டிக் கம்பிக்கூண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக, நடை வேகத்தில். கார்மெல் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். தண்டவாளத்தின் ஓரமாக முன்னும் பின்னும் நடந்தாள். நல்ல ஷூ போட்டிருந்தாள். அது புழுதியில் வெளுத்துப்போயிற்று.

“ரயிலைத் தள்ளப் போறா பாரு,” என்றான் ஆல்டோ பின்சீட்டிலிருந்து. சலவைச் சட்டையின் மடிப்பு அவன் தோளில் அட்டை போல் நின்றது. “அம்மா சாகக் கிடந்தப்பவும் இப்படித்தான். ஆஸ்பத்திரிக் கட்டில் ஆடுதுன்னு கீழ படுத்து நட்டை முடுக்கினா. நர்ஸ் வந்து திட்டினா.”

கடைசிக் கூண்டு போனதும் அவள் வந்து உட்கார்ந்தாள். டவுன்ஸ்வில் வரும்வரை சீட் பெல்ட்டின் முனையை மாட்டுவதும் கழற்றுவதுமாகவே வந்தாள்.

தீர்ப்பாயம் என்றதும் நான் மர வேலைப்பாடும் கறுப்பு அங்கியும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருந்தது எங்கள் ஊர் நூலகக் கூட்ட அறை மாதிரி ஒன்று. நீள மேஜை, தண்ணீர்க் குவளை, ஒலிவாங்கி. நடுவில் வழக்கைத் தீர்க்கிற தீர்ப்பாய உறுப்பினர் ஆக்கர்ஸ் என்ற அம்மாள், காதுக்குக் கீழே வெட்டிய நரைமுடி, குளிருக்கு ஒரு சால்வை. ஒரு பக்கம் வாரியத்தின் வக்கீல், உயரமான மனிதர், மரியாதையாகப் பேசினார். மறுபக்கம் கார்மெல் தனியாக. தன் வழக்கைத் தானே பேசுவதாகச் சொல்லிவிட்டாள். நான் பின்னால் நாற்காலியில். ஆல்டோ சாட்சி என்பதால் அவன் முறை வரும்வரை உள்ளே விடவில்லை. வெளியே நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கதவு சாத்துகிறபோது கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

காலை முழுதும் கம்பிகளும் நட்டுகளும்தான். ஆய்வாளர் சொன்னதில் கார்மெல் எதையும் மறுக்கவில்லை. பிறகு வக்கீல் அவளைக் கேட்டார்.

“பலகை அடிக்கறதுக்கு முன்னாடி நீங்க அந்த வீட்டுக்குப் போகலை?”

“போகலை.”

“போன்ல கேட்டீங்க. உங்க தம்பி என்ன சொன்னார்? அப்படியே சொல்லுங்க.”

“‘அதெல்லாம் சரி’ன்னான்.”

“முடுக்கியாச்சுன்னு சொன்னாரா?”

“‘அதெல்லாம் சரி’ன்னான்.”

“முடுக்கியாச்சுன்னு நீங்க எடுத்துக்கிட்டீங்க?”

அவள் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கே தெரிந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் மிச்சத்தை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவன் வந்து முடித்துவிடுவான். அவள் வாயைத் திறந்தாள். அப்போது உறுப்பினர் கையை லேசாகத் தூக்கினார்.

“ஒரு நிமிஷம். மிஸ் ஸனெல்லா, நானும் கரும்பு ஊர்க்காரிதான். ப்ராஸர்பைன். எங்கப்பாவுக்கும் எல்லாம் ‘அதெல்லாம் சரி’தான். எங்க வீட்டுக் குளியலறைக் கதவு இன்னி வரைக்கும் சாத்தாது. அதனால கேக்கறேன். ஊர்ல அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு கேக்கலை. உங்க தம்பி வாயிலேர்ந்து வந்தா என்ன அர்த்தம்?”

கார்மெலின் கைகள் மேஜைக்குக் கீழே இருந்தன. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அவை தெரிந்தன. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எதையோ சுற்றிக்கொண்டிருந்தன, அந்த ஆய்வாளர் சுற்றிய மாதிரி.

“செஞ்சிருந்தா ‘செஞ்சாச்சு’ம்பான்,” என்றாள். “செய்யலைன்னாத்தான் ‘சரி’ம்பான்.”

வக்கீல் தலை தூக்கினார்.

“இது உங்களுக்கு அன்னிக்குத் தெரியுமா?” என்றார் உறுப்பினர்.

“அவனுக்கு ஆறு வயசுலேர்ந்து தெரியும்.”

“தெரிஞ்சும் கையெழுத்துப் போட்டீங்க.”

“பலகைக்காரங்க வந்து நின்னுட்டாங்க. நான் கார்ட்வெல்ல கூரை மேல. இறங்கி, ஓட்டிட்டு வந்து, ஏணி போட்டு ஏறினா அந்த நாள் போச்சு, அவங்களும் போயிடுவாங்க. கேட்டேன், பதில் வந்துச்சு. அதோட விட்டுட்டேன். பதில் என்னன்னு நான் காதுல வாங்கிக்கலை. வாங்கிக்க வேணாம்னு இருந்தேன்.”

தன் லைசென்ஸைத் தானே எடுத்து மேஜை மேல் வைத்த மாதிரி அவள் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு வார்த்தைதானே.

அடுத்து ஆல்டோவைக் கூப்பிட்டார்கள். உள்ளே நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. கல்யாண வீட்டுக்கு வருகிறவன் மாதிரி எல்லோருக்கும் தலையசைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். சத்தியம் செய்தான். முதல் கேள்வியைக்கூட முடிக்க விடவில்லை.

“நான்தாங்க எல்லாத்துக்கும் காரணம். அக்கா போன் பண்ணினா. ‘முடுக்கியாச்சு’ன்னு சொன்னேன். பொய். முடுக்கலை. அவ நம்பிட்டா. அவ மேல ஒரு தப்பும் இல்ல.”

கார்மெல் கண்ணை மூடிக்கொண்டாள்.

வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நல்ல மனிதர். இதற்கு மேல் கேட்க அவருக்கே சங்கடமாக இருந்தது போலிருக்கிறது. உறுப்பினர்தான் கேட்டார்.

“‘முடுக்கியாச்சு’. இந்த வார்த்தையேதானா?”

“இந்த வார்த்தையேதான், மேடம்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, மிஸ்டர் ஸனெல்லா. சத்தியம் பண்ணியிருக்கீங்க. நிச்சயமாத் தெரியுமா?”

ஆல்டோ சிரித்தான். இருபது வருஷமாக வீட்டுக்காரர்களைச் சமாதானப்படுத்திய அதே சிரிப்பு. நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

“அதெல்லாம் சரி, மேடம்.”

யாரும் சிரிக்கவில்லை. உறுப்பினர் குனிந்து எதையோ எழுதினார். ஆல்டோ முதலில் அவரைப் பார்த்தான், பிறகு வக்கீலை, பிறகு அக்காவை. எதையோ உடைத்துவிட்டோம் என்று அவனுக்குத் தெரிந்தது, எது என்று தெரியவில்லை. அவள் அவனைப் பார்க்கவேயில்லை.

மதியம் சாப்பாட்டுக்கு விட்டார்கள். மாவோட்டுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பை ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு கடற்கரையோரம் நின்றோம். ஆல்டோ தின்றான். கார்மெல் மேலோட்டை மட்டும் பிய்த்துப் பிய்த்துக் கடற்பறவைகளுக்குப் போட்டாள்.

“என்ன நடந்துச்சு உள்ள? யாராச்சும் சொல்லுங்களேன்.”

“அவங்க கேட்டாங்க. உன் ‘சரி’க்கு அர்த்தம் சொல்லிட்டேன்,” என்றாள் கார்மெல்.

அவன் மெல்லுவதை நிறுத்தினான். “நான் வர்றதுக்கு முன்னாடியா?”

“நீ வர்றதுக்கு முன்னாடி.”

“அப்ப நான் அங்க உக்காந்து…” கையிலிருந்ததைக் குப்பைத் தொட்டியில் போட்டான். “பேஷ்.”

திரும்பி வந்ததும் உறுப்பினர் முடிவைச் சொன்னார். ரத்து கிடையாது. ஆனால் வருஷக் கடைசி வரை தடை நீடிக்கும். அதற்குப் பிறகு லைசென்ஸ் திரும்ப வரும், ஒரு நிபந்தனையோடு. அவள் கட்டுகிற எந்த வீட்டிலும், அவளே நேரில் போய், அவளே கண்ணால் பார்க்காமல், ஒரு சுவர்கூட மூடக் கூடாது. போனில் கேட்பது செல்லாது. வேறொருவர் சொல்வது செல்லாது.

“உங்க தம்பியோட சாட்சியத்தை நான் ஏத்துக்கலை,” என்றார். “உங்களோடதை ஏத்துக்கறேன். அதனாலதான் லைசென்ஸ் உங்ககிட்ட இருக்கு. தடையும் அதனாலதான்.”

கார்மெல் நன்றி என்று சொல்லி எழுந்தாள். நாற்காலி ஆடியது. குனிந்து அதன் காலைப் பார்த்தாள். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வரும்போது பாதி வழியில் ரோலிங்ஸ்டோன் ஊரைத் தாண்டியதும் ஆல்டோ தொடங்கினான்.

“உனக்காகத்தான் சொன்னேன்.”

“தெரியும்.”

“ஊரெல்லாம் இனிமே என்னைப் பொய்யன்னு சொல்லும்.”

“சொல்லும்.”

“நீ பேசாம ‘ஆமாம்’னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்நேரம் உன் வண்டிக் கதவுல அந்த நீல நாடா இருக்காது.”

“இருக்காது.”

“எதையாவது பேசேன்! கிளி மாதிரி சொன்னதையே சொல்லாம.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி வீடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சாலையோரத்தில் புதுத் தகரக் கூரை வெயிலில் மின்னினால் கழுத்து கூடவே திரும்பியது. ஆசையாகப் பார்க்கிற பார்வை இல்லை, எதையோ எண்ணுகிற பார்வை அது. லைசென்ஸ் பிழைத்துவிட்டது, இனிமேலாவது உட்காருவாள் என்று நான் நினைத்திருந்தேன்.

என் வீட்டு வாசலில் நிறுத்தி, காபி போடுகிறேன், வாருங்கள் என்று இரண்டு பேரையும் உள்ளே கூட்டிப்போனேன். அவரவர் வீட்டுக்கு இந்த மூஞ்சியோடு அனுப்ப மனசு வரவில்லை. ஆல்டோ வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். காபி வாசனை எழுந்ததும் அவனுக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. அவன் சுபாவம் அப்படி.

“சரி, பாஸ். வருஷம் பொறந்ததும் நான் யாரு? ஸ்பேனர் தூக்கறவனா?”

“ஸ்பேனர் நான் தூக்கறேன். நீ ஏணியைப் பிடி.”

“ஏணி பிடிக்க லைசென்ஸ் வேணுமா?”

“மீன் பிடிக்கப் போகாம இருந்தா போதும்.”

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். கார்மெல் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள். கோப்பையை வாங்கி அடுப்புப் பக்கத்தில் வைத்தாள், குடிக்கவில்லை.

“ஆல்டோ.”

“ம்.”

“பக்கத்துல, ஹாலிஃபாக்ஸ்ல கட்டினோமே, ரெட்டை வீடு. அதுல?”

“அதுல என்ன?”

“கம்பி.”

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். “ஏய், அந்தம்மா அதைக் கேக்கவேயில்லையே.”

“நான் கேக்கறேன்.”

“அதுல நீயேதான் ஏறின. முதுகு பிடிச்சுக்கிச்சுன்னு ரெண்டு நாள் படுத்திருந்தியே.”

“ஆமா. ஃபாரஸ்ட் பீச்ல அந்த டீச்சர் வீடு?”

“செஞ்சாச்சு.” இதை அவன் யோசிக்காமல் சொன்னான், கொஞ்சம் ரோஷத்தோடு. “செஞ்சாச்சுடி. நானே செஞ்சேன். சாயங்காலம் கை தூக்க முடியலை.”

அவள் தலையாட்டினாள். எனக்கும் ஏனோ மூச்சு விட்டது போலிருந்தது. சர்க்கரையை எடுத்து மேஜையில் வைத்தேன். கார்மெல் இரண்டடி நடந்து, என் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில், காலண்டருக்குக் கீழே, உள்ளங்கையைப் பதித்தாள். காய்ச்சலா என்று தொட்டுப் பார்க்கிற மாதிரி. அந்தச் சுவருக்கு நான் போன வருஷம்தான் மஞ்சள் அடித்தேன்.

“இந்த வீடு?” என்றாள்.

ஆல்டோ என்னைப் பார்த்தான். அப்புறம் மேலே கூரையைப் பார்த்தான். வாய் திறந்தது. எந்த வார்த்தை வரப்போகிறது என்று மூன்று பேருக்கும் தெரியும், அது இனி இந்த அறையில் செல்லாது என்பதும் தெரியும். அவன் வாயை மூடிக்கொண்டான்.

“அம்மா ஆஸ்பத்திரில இருந்தா. நான் தினம் அங்க இருந்தேன். போன்ல கேட்டேன்,” என்றாள் கார்மெல், சுவரிலிருந்து கையை எடுக்காமல். “ஆல்டோ, இந்த வீடு?”

அவன் எழுந்தான். ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டான், போட்டுக்கொள்ளவில்லை. காலுறையோடு என் சமையலறையைத் தாண்டி, கொசுவலைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே போனான்.